டர்போ மாத்தணும்னு சொன்னா, முதல்ல ஆயில் பைப்பைக் கழட்டச் சொல்லுங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டீசல் பிக்கப் வெச்சிருக்கிறவங்க இதைக் கட்டாயம் படிங்க. பாலக்கோட்டுல தக்காளி லோடு ஓட்டுற ஒரு வண்டி. தொப்பூர் மேட்டுல இழுவை இல்லை, சைலன்சர்ல நீலப் புகை. பட்டறையில "டர்போ போச்சு"ன்னு (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற பாகம்) சொல்லி, ரீகண்டிஷன் பண்ணதைப் புதுசுன்னு மாட்டி 28,000 ரூபாய் வாங்கிட்டாங்க. பில் இல்லை, பழசையும் தரலை. இருபதே நாள்ல அதே புகை.

வேற இடத்துல கழட்டினப்பதான் விஷயம் தெரிஞ்சுது. டர்போவுக்கு ஆயில் போற பைப்போட போல்ட் ஓட்டையில கரி இறுகி, குண்டூசிகூட நுழையலை. ஆயில் திரும்பி இறங்குற பைப்புல கேஸ்கெட்டுக்குப் பதிலா சிலிக்கான் பேஸ்ட். பிதுங்கின துண்டு உள்ளே தொங்கி வழியை அடைச்சிருந்தது. டர்போ சாஃப்ட் (நடுவுல சுத்துற அச்சு) நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. அதைத் தாங்குறது மெல்லிசான ஆயில் படலம்தான். ஆயில் வரலைன்னா பேரிங் தேயும். வந்தது இறங்கலைன்னா சீல் வழியா கசிஞ்சு புகையும். இதைப் பார்க்காம டர்போ மட்டும் மாத்தினது பச்சை ஏமாத்து.

இழுவை குறைஞ்சு கறுப்புப் புகை வந்தா, முதல்ல இன்டர்கூலர் (டர்போ அனுப்புற காத்தைக் குளிர வைக்கிற பாகம்) ஹோஸ்ல விரிசல், கிளிப் தளர்வு பாருங்க. சாஃப்டை ஆட்டிக் காட்டிப் பயமுறுத்துவாங்க. ஆயில் இல்லாதப்ப பக்கவாட்டுல லேசா ஆடுறது சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு ஹவுசிங்ல உரசினாலோதான் மாத்தணும்.

மாத்தும்போது பக்கத்துலயே நில்லுங்க. ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஆயில் போற பைப் எல்லாம் புதுசு போடணும். இன்டர்கூலரைக் கழட்டி உள்ளே தேங்கின ஆயிலை வடிக்கணும். விட்டா இன்ஜின் அதையே எரிச்சுக்கிட்டுத் தானா ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிக்காது. புது டர்போவோட ஆயில் ஓட்டையில சுத்தமான ஆயில் ஊத்தி, சாஃப்டைக் கையால சுத்திவிடணும். அப்புறம் டீசலைக் கட் பண்ணி, ஆயில் லைட் அணையுற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிக்கணும். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிஷம் ஐடிலிங், ரேஸ் கூடாது.

அந்தக் கரி எங்கிருந்து வந்தது? லோடோட மேடு ஏறி, டீக்கடையில நிறுத்தின உடனே சாவியைத் திருப்புறதுதான். சூட்டுல பழுத்த டர்போவுக்குள்ள நின்ன ஆயில் அங்கேயே கருகும். ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு அணைங்க. லூஸ் ஆயில் வேண்டாம், மேனுவல்ல போட்டிருக்கிற கிரேடு மட்டும் ஊத்துங்க. பிஎஸ்6 வண்டின்னா இதுல இன்னும் கவனம், தப்பான ஆயில் புகைக் கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டரையும் அடைச்சிடும்.

பழைய டர்போவையும் பில்லையும் கையில வாங்காம பணம் கொடுக்காதீங்க.