ஞாயிற்றுக்கிழமையை எதற்குக் கொடுப்பது: லாங் ரன்னா, நாகலாபுரம் மலையா, பந்தயத் தடமா?

ஜனவரியில் நடக்கும் சென்னை முழு மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டருக்கு, ஆயத்தமாகும் எங்கள் திருவொற்றியூர் நண்பர் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். எல்லோருமே வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களில் இருவர் துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். எங்கள் கையில் இருப்பது ஒரு முழு விடுமுறை நாள். அந்த ஒரு நாளைத்தான் லாங் ரன் என்னும் நீண்ட ஓட்டமும், ஆந்திராவிலுள்ள நாகலாபுரம் மலையும், இருங்காட்டுக்கோட்டை பைக் பந்தயத் தடமும் போட்டி போட்டுக் கேட்கின்றன. இரண்டு ஆண்டுகளாக மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் கால் எப்படி இருந்தது என்பது வரை குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு இது: மலை, லாங் ரன்னுக்கு ஓரளவு மாற்றாகும். பந்தயத் தடம் அதற்கு மாற்றே ஆகாது, ஆனாலும் களைப்புக் கணக்கில் அதை ஒரு கடினமான நாளாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டாவது பகுதியைத்தான் யாரும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. முதன்முறை தடத்தில் ஓட்டிவிட்டு இறங்கிய எங்கள் தம்பி ஒருவன் கைக்கடிகாரத்தை நீட்டி, "அண்ணா, 168 காட்டுது, இத்த லாங் ரன் கணக்குல சேத்துக்கலாமா?" என்று கேட்டான். கேள்வியில் தவறில்லை. பத்து நிமிடம் ஓட்டினாலே இதயத் துடிப்பு டெம்போ ஓட்டத்தின், அதாவது சற்றே கடினமான சீரான வேக ஓட்டத்தின், அளவுக்கு ஏறிவிடுகிறது. ஆனால் அந்தத் துடிப்பை ஏற்றுவது அட்ரீனலினும், தோல் உடுப்புக்குள் அடைபட்ட வெப்பமும், கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கும் தசைகளின் அழுத்தமும்தான். தொடையும் கெண்டைக்காலும் ஆக்சிஜனைக் கேட்டு இதயத்தை ஓட வைக்கும்போதுதான், அந்தத் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, கொழுப்பை எரிபொருளாக்கும் பழக்கம் வருகிறது. தடத்தில் கால்கள் அப்படிக் கேட்பதே இல்லை. கடிகாரத்துக்குத் துடிப்பை எண்ணத் தெரியும், அது எதனால் ஏறியது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அப்படியானால் களைப்பு மட்டும் எங்கிருந்து வருகிறது? இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் பிரேக் பிடிக்கும்போது உடம்பின் எடை முழுவதும் முன்னே சரிந்து முழங்கையிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. என் எட்டாவது சுற்றின் முடிவில் முன்கை மரத்துப் போய்விட்டது. தடத்தோரம் பைக்கை நிறுத்தும் பிட்டுக்கு வந்து கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிய பிறகும், தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக விரல்கள் மறுத்தன. கழுத்தும் விலாவும் மறுநாள்தான் வலித்தன. அதையும் பொருட்படுத்தாமல் அந்த மறுநாளே 28 கிலோமீட்டர் ஓடக் கிளம்பினேன். 19-ஆவது கிலோமீட்டரில் தோள்கள் காதுவரை தூக்கிக்கொண்டு, மூச்சு மேலோட்டமாகி, நடந்துதான் வீடு சேர்ந்தேன். தடத்து நாளுக்கு அடுத்த நாள் நீண்ட தூரம் ஓடக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

மலையின் கதை வேறு. வட சென்னையில் ஏற்றம் என்று சொல்ல மூலக்கடை மேம்பாலத்தை விட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய தட்டை நிலத்திலேயே ஆண்டு முழுவதும் ஓடுகிறவர்களின் தொடைக்கு ஒரு குறை உண்டு. அது 30 கிலோமீட்டருக்குப் பிறகுதான் வெளியே தெரியும். மூச்சு சீராக இருக்கும், முன்தொடை மட்டும் மரக்கட்டையாகிவிடும். ஒவ்வொரு அடியிலும் தரையிறங்கும் உடம்பை, நீண்டபடியே தாங்குவது அந்தத் தசைதான். மலையிறக்கத்தில் அதே வேலையை அது இன்னும் கூடுதல் அழுத்தத்தில் செய்கிறது. நாகலாபுரம் செல்ல செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். அங்கே பாறையும் சுனையுமாக ஆறேழு மணி நேரம் ஏறி இறங்கினால், தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுந்து, இரண்டாம் நாள் மாடிப்படி இறங்குவதற்கே கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையை மிகக் குறைந்த வலியோடு தாங்கிக்கொள்கிறது. என் கணக்கில் நாகலாபுரத்தின் முழு மதிப்பும் இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

இருந்தும் அது பாதி மாற்றுதான் என்பதற்குக் காரணம் உண்டு. மலையில் சுனை கண்ட இடமெல்லாம் நிற்கிறோம், குளிக்கிறோம், புளிசாதப் பொட்டலம் பிரிக்கிறோம். தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து குறைந்த நிலையில் ஒரே தாளத்தில் மூன்று மணி நேரம் நகர்ந்துகொண்டே இருப்பது, ஓடும் வயிற்றில் வாழைப்பழமும் உப்புத் தண்ணீரும் தங்குகிறதா என்று பார்ப்பது, காலணி எந்த விரலைக் கடிக்கிறது என்று அறிவது ஆகியவற்றைச் சாலையில் மட்டுமே பழக முடியும். அதிலும் சென்னையின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது. இரண்டரை மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எனக்கு 2 கிலோ குறைகிறது. அந்த இழப்பை வெறும் தண்ணீரால் நிரப்பினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைசுற்றலும் குமட்டலும் வரும், மிஞ்சினால் ஆபத்து. ஓடி முடித்ததும் உப்புப் போட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் எங்களுக்கு வாய்த்த நல்ல மருந்து.

எங்கள் சாலையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காலை நாலரைக்குக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கி ஓடினால் வலப்பக்கம் கடலும், இருட்டிலேயே தொடங்கிவிடும் மீன் ஏலத்தின் குரலும், ஐஸ் உடைக்கும் சத்தமும் கூடவே வரும். எனக்கு இதைவிடப் பிடித்த பாதை கிடையாது. அதே சாலையில் இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வேகமாக ஓடும்போது ஓய்விலிருப்பதைவிடப் பல மடங்கு காற்றை, பெரும்பாலும் வாய் வழியாக, உள்ளே இழுக்கிறோம். ஆகவே மெதுவான ஓட்டத்தை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு, வேக ஓட்டங்களுக்கு மெரினாவின் உட்சாலைக்குப் போய்விடுகிறோம். சுத்தமான காற்று என்ற இந்த ஒரு விஷயத்தில் நாகலாபுரத்துக்கு நிகர் இல்லை.

செலவில் லாங் ரன்னுக்குக் காலணி மட்டும், மலைக்குப் பெட்ரோலும் சாப்பாடும். தடத்துக்கு நுழைவுக் கட்டணம், டயர், பிரேக் பேட், தோல் உடுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி ஓட்டக் காலணியின் விலை போய்விடுகிறது.

ஆபத்தில் மக்கள் நினைக்கிற வரிசையை நான் ஏற்கவில்லை. தடத்தில் ஹெல்மெட், உடுப்பு, கொடி காட்டுபவர், ஆம்புலன்ஸ் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். மலையில் இவை எதுவும் கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். நாகலாபுரத்துச் சுனைகளில் தரை தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருக்கும், இறங்கினால் ஆள் ஆழத்துக்கும் மேலே போகும். வனத்துறை அனுமதியும், நீச்சல் தெரிந்த இருவரும் இல்லாமல் நாங்கள் போவதில்லை. முதன்முறை போகிறவர்களுக்குப் பூண்டியை அடுத்த குடியம் குகைப் பாதையைச் சொல்வேன். தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அது இருக்கிறது, வழிகாட்டியும் உடன் வருவார். ஏற்றம் குறைவு என்பதால் தொடைக்கு அது போதாது. கற்கால மனிதர் தங்கிய பாறை நிழலில் உட்கார்ந்து வருவதற்காகவே ஒருமுறை போகலாம்.

இப்படியெல்லாம் எடை போட்ட பிறகும் தடத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. செங்குன்றத்தைத் தாண்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை திறக்கப்படும் முன்பு வரை பந்தயம் என்றாலே எங்கள் பக்கத்து ஊர்தான். அப்பா அங்கே சைக்கிளில் போய், பந்தய எஞ்சின்களின் ஆமணக்கு எண்ணெய் வாடையைச் சட்டையில் ஏந்தி வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஓட்டத்துக்கும் தடம் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. பிடியைத் தளர்த்தி, வளைவின் முடிவைப் பார்த்து, மூச்சை வெளியே விடப் பழகிய பிறகு, 35-ஆவது கிலோமீட்டரில் என் தோள்கள் முன்புபோல் இறுகுவதில்லை.

ஆகவே எங்கள் ஆண்டை இப்படிப் பிரித்திருக்கிறோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மாதம் இரண்டு ஞாயிறு மலைக்கு, மற்றவை சாலைக்கு. மலை நாளுக்குப் பிறகு மூன்று நாள் வேக ஓட்டம் கிடையாது. ஒருமுறை இரண்டாம் நாளே வேகமாக ஓடிக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதில் மூன்று வாரம் முடங்கினேன். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் திடீரென்று பெருகும் என்பதால் மலை தானாகவே விலகிவிடுகிறது, அப்போது எல்லா ஞாயிறும் லாங் ரன்னுக்கே. தடத்துக்கு மாதம் ஒரு நாள், அதுவும் ஓட்டத் தூரத்தைக் குறைக்கும் வாரத்தில், விடுப்பு எடுத்த சனிக்கிழமையில், மறுநாள் முழு ஓய்வோடு. டிசம்பர் முதல் வாரத்தில் தோல் உடுப்பைத் துடைத்துப் பரணில் ஏற்றுகிறேன். மாரத்தான் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் அது கீழே இறங்கும்.