குடல் கேன்சருக்கு அப்புறம் லிவர் ஃபாலோஅப், இந்த கிளினிக் எப்படி?

மாமாவுக்கு பெருங்குடல் கேன்சர், ஆபரேஷன் கீமோ எல்லாம் வேற இடத்துல முடிஞ்சு ஃபாலோஅப்புக்கு மட்டும் இங்க வர்றோம். அங்க டிஸ்சார்ஜ் பண்றப்ப குடிக்கக் கூடாதுன்னு ஒரே வரி, ஏன் எதுக்குன்னு யாரும் சொல்லல, மாமாவும் காதுலயே போட்டுக்கல, கட்டிதான் எடுத்தாச்சே இனி ஒரு கட்டிங் போட்டா என்ன ஆயிடப் போகுதுன்னு வீட்ல தெனம் சண்டை. அதனால இங்க எனக்கு ரொம்பப் புடிச்சது டாக்டரம்மா பொறுமையா உக்காந்து வெளக்கினதுதான்.

சீட்டைத் திருப்பிப் போட்டு படமே வரைஞ்சாங்க. குடல்ல இருந்து கெளம்புற ரத்தம் போர்ட்டல் வெயின் வழியா நேரா லிவருக்குத்தான் போகுது, அதான் குடல் கேன்சர் பரவுனா பெரும்பாலும் லிவர்ல போய் உக்காருது. குடிக்கிற சரக்கும் அதே வழிலதான் வருது. அது உடையறப்ப அசிடால்டிஹைடுங்கிற நச்சுப் பொருள் உண்டாகி டிஎன்ஏவையே கெடுக்கும், போதாக்குறைக்கு குடல் சுவர் கசிஞ்சு பாக்டீரியா நஞ்சு லிவருக்குள்ள வர, அங்க காவலுக்கு இருக்கிற குப்ஃபர் செல்லுங்க மேல இருக்கிற டிஎல்ஆர்4ங்கிற ரிசெப்டர் (ஒரு சென்சார் மாதிரி) வழியா அதைக் கண்டுக்கிட்டு என்எஃப் கப்பா பிங்கிற அலாரம் சிக்னலை கெளப்பி விட்டுரும், டிஎன்எஃப், ஐஎல்6னு வீக்கத்தைக் கெளப்புற சங்கதியெல்லாம் கொட்டும், ஐகேம்1னு ஒட்ட வைக்கிற புரோட்டீனும் ஏறும். ரத்தத்துல மிதந்து வர்ற கேன்சர் செல்லுக்கு அப்புறம் புடிச்சுக்க இடம் கெடைச்ச மாதிரிதான், ஈரம் இருக்கிற சுவத்துலதானே பாசி புடிக்கும். சுண்டெலிக்கு ஆல்கஹால் குடுத்துப் பாத்த ஒரு ஆய்வு 2016ல வந்துச்சாம், அதுல குடல் கேன்சர் செல்லு லிவர்ல கூடுதலா போய் ஒட்டியிருக்கு. எலிக்கு நடந்தது அப்படியே மனுஷனுக்கும் நடக்கும்னு சொல்ல மாட்டேன், குடிய விட்டா திரும்ப வரவே வராதுன்னும் சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கு நாமளே எடம் பண்ணிக் குடுக்கணுமா ஐயான்னு கேட்டாங்க. மாமா வாயே தொறக்கல.

அப்புறமும் விடாம "கட்டிங்தானே டாக்டரம்மா"ன்னாரு. உடனே கணக்கு போட்டுக் காட்டினாங்க, 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம்னா கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால், கட்டிங்னா அதுல பாதி. பீரு ஒயினு எதுவா இருந்தாலும் உள்ள இருக்கிறது அதே எத்தனால்தான், குடிப்பழக்கம் கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி நிறுவனமான ஐஏஆர்சி 1988லயே சொல்லிருச்சுன்னாங்க.

இன்னொண்ணும் பாராட்டணும். தெனம் குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம், அதனால நீங்களா நிறுத்தாதீங்கன்னு சொல்லி அன்னைக்கே சைக்கியாட்ரிஸ்ட் கிட்ட அனுப்பி, தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையோட ஒரு பிளான் போட்டுக் குடுத்தாங்க. திட்டல, அசிங்கப்படுத்தல. இப்ப வரைக்கும் மாமா தொடல, எங்க அத்தை மொகத்துல சிரிப்பைப் பாக்கணுமே.

லிவரைப் பாக்குற ஃபைப்ரோஸ்கேனும் இங்கயே இருக்கு. வலது கையத் தலைக்கு மேல வெச்சு மல்லாக்க படுக்கணும், விலா எலும்பு சந்துல ஜெல் தடவி கருவிய வெச்சா டொக்கு டொக்குன்னு சின்னதா தட்டும், வலிக்காது, பத்து ரீடிங் எடுப்பாங்க. லிவர் எவ்ளோ இறுகியிருக்கு, கொழுப்பு எவ்ளோன்னு மட்டும்தான் அதுல தெரியும், கேன்சர் பரவியிருக்கான்னு பாக்க சிடி ஸ்கேனும் சிஇஏங்கிற கேன்சர் மார்க்கர் ரத்த டெஸ்ட்டும் தனி. இதைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே அவங்களே தெளிவா சொல்லிட்டாங்க, அது பெரிய விஷயம்.

குறைன்னா பில்லிங் கவுண்டர்தான், ஒரே ஆளு எல்லாத்தையும் பாக்குறாரு, வயசானவங்க நின்னுக்கிட்டே இருக்காங்க, நாலு சேராவது போடுங்க. பார்க்கிங் சுத்தமா இல்ல. அதுக்காக ஒரு ஸ்டார் கொறைச்சு நாலு குடுக்கிறேன்.

வர்றவங்க ஸ்கேனுக்கு முன்னாடி மூணு மணி நேரம் எதுவும் சாப்பிடாம வாங்க, பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டும் சிடி ஃபிலிமும் மறக்காம எடுத்துட்டு வாங்க, முக்கியமா குடிக்கிறவரைக் கூடவே கூட்டிட்டு வாங்க, வீட்டு ஆளுங்க மட்டும் வந்து கேட்டுட்டுப் போனா வேலைக்கு ஆகாது.