மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிரிஞ்ச்: சால்டர் பேஸ்ட்டோடு மூன்று வருடம்

போன வாரம் நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அரைக் கிலோ சால்டர் பேஸ்ட் டப்பா, கிட்டத்தட்ட பாதி விலைக்கு. சர்க்யூட் போர்டில் பாகங்களைச் சூடு பண்ணி ஒட்டவைக்கிற உலோகப் பசைதான் சால்டர் பேஸ்ட். "வாங்கிப் போட்டுடவா? ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று கேட்டிருந்தான். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது. வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். முப்பது நாற்பது பாகங்கள் உள்ள சின்ன போர்டுக்குக் கால் கிராம் பேஸ்ட் ஆகலாம். அவன் மாதத்துக்கு இரண்டு போர்டு செய்தால் அதிகம். அந்த வேகத்தில் அரைக் கிலோ தீர எண்பது வருடம் ஆகும். பேஸ்ட்டுக்கு ஆயுள் ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருடம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்டும்போது மறந்துவிடும். பேஸ்ட் உருகும் அந்த ஐந்து நொடிக்கு ஈடாக இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஹாட் பிளேட்டில் போர்டு சூடாகிக்கொண்டே இருக்கும். பேஸ்ட் விபூதிக் குழம்பு மாதிரி சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். அதில் கலந்திருக்கும் ஃபிளக்ஸ் என்ற பசைப் பொருள் லேசாகப் புகையும். 183 டிகிரியைத் தொட்டதும் ஒரு மூலையில் பளிச்சென்று வெள்ளி மின்னும், அது அப்படியே போர்டு முழுக்க ஓடும். நான் கோணலாக வைத்த, 0805 என்ற அளவுள்ள குட்டி ரெசிஸ்டர் தானாகவே திரும்பித் தன் இடத்தில் நேராக உட்காரும். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை, மந்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். தம்பி மட்டும் வந்தான்.

இனி திட்டு. திட்டெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: இதை எங்கே வைப்பது?

சிரிஞ்சிலோ டப்பாவிலோ வரும் பேஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உலோக உருண்டைகளை ஃபிளக்ஸில் குழைத்த கலவை. எடையில் ஃபிளக்ஸ் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான் என்றாலும் கன அளவில் ஏறக்குறைய பாதி அதுதான். உருண்டைகளின் மேல் படியும் ஆக்சைடைத் தின்பதற்காக ஃபிளக்ஸில் அமிலத்தன்மை உள்ள பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை சூட்டில் வேகமாக வேலை செய்யும். சூடு இல்லாவிட்டாலும் சும்மா இருக்காது, மெதுவாகத் தின்றுகொண்டே இருக்கும். முதலில் தீர்ந்துபோவது உலோகம் அல்ல, ஃபிளக்ஸ்தான். அதனால்தான் குளிரில் வைக்கச் சொல்கிறார்கள்.

இதை அம்மாவிடம் விளக்கியபோது என்னைவிடச் சுலபமாகப் புரிந்துகொண்டாள். "மாவு மாதிரிதானேடா? வெளிய வெச்சா பொங்கும், உள்ள வெச்சா நாலு நாள் வரும்." அதேதான். அடுத்த கேள்விதான் சிக்கலாகிவிட்டது. "இதுல என்ன இருக்கு?" ஈயம் என்றேன். "ரசம் வைக்கிற ஈயம்தானே?" அங்கே நான் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஈயச் சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும், அதனால்தான் வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் ஒழுகிப்போகிறது. இதில் 63 பங்கு அந்த வெள்ளீயம், மீதி 37 பங்கு காரீயம், இரண்டும் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகும் என்று பாடம் நடத்தினேன். காரீயம் விஷம் என்று அம்மாவுக்குத் தெரியும். சிரிஞ்ச் தயிருக்குப் பக்கத்திலிருந்து அன்றைக்கே வெளியேறியது.

அம்மா சொன்னது நியாயம்தான். சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாகி மூக்குக்குள் போவதில்லை, புகை ஃபிளக்ஸுடையது. ஆனால் பேஸ்ட் விரலில் ஒட்டும், விரலிலிருந்து ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் போகும், அங்கிருந்து எல்லோர் கைக்கும் போகும். சாப்பாட்டுப் பொருள் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. நியாயம் என்று தெரிந்தும் எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது கத்திரி வெயில் நேரம். மூன்று வாரம் பரண் மேல் இருந்த சிரிஞ்சை எடுத்து அழுத்தினேன். முதலில் எண்ணெய் மாதிரி ஃபிளக்ஸ் மட்டும் வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. கட்டைவிரல் சிவக்க அழுத்தியதும் ஈர மணல் மாதிரி ஒரு கட்டி ஊசியை அடைத்துக்கொண்டது.

பழைய பேஸ்ட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. செம்பு இல்லாத வெறும் போர்டுத் துண்டின் மேல் மிளகளவு வைத்துச் சூடு பண்ணுங்கள். நல்ல பேஸ்ட் என்றால் எல்லாம் ஒன்றுகூடி ஒரே உருண்டையாக நிற்கும். கெட்டது என்றால் பெரிய உருண்டையைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக ஒரு வட்டம் போடும். என்னுடையது வட்டம் என்ன, கோலமே போட்டது. தனியாக ஃபிளக்ஸ் வாங்கிக் கலந்து பார்த்தேன். பெரிய பேடுகளுக்கு (பாகத்தின் கால் ஒட்டும் செம்புத் திட்டு) ஓரளவு ஒப்பேற்றலாம், நெருக்கமான கால்கள் உள்ள ஐசிக்கு ஆகாது. ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) ஊற்றிக் குழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது ஆவியாகிப் போய் முன்னைவிட இறுகிவிடும்.

சரி, ஈயம்தானே பிரச்சினை என்று அடுத்து பிஸ்மத் பேஸ்ட் வாங்கினேன். வெள்ளீயம் 42, பிஸ்மத் 58, 138 டிகிரியில் உருகும். அம்மாவுக்கும் சமாதானம். அதையும் மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்துத்தான் ஃபிரிட்ஜில் விட்டாள், அதுவும் கீழ்த்தட்டில். பிளாஸ்டிக் கனெக்டர்கள் இளகாமல் வேலை முடிகிறது, பழைய சின்ன ஹாட் பிளேட்டே போதும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு லெவல் கன்ட்ரோலர் போர்டு ஒன்றை அதில்தான் செய்தேன். ரெகுலேட்டரின் ஒரு கால் சரியாகப் பிடிக்காத மாதிரி இருந்தது. கையில் இருந்த, காரீயம் கலந்த சாதாரண சால்டர் கம்பியால் லேசாகத் தொட்டுவிட்டேன்.

அந்தத் தொடல்தான் வினை. வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் கலந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் ஒரு பகுதி உள்ளே உருவாகிவிடும். கொதிக்கிற தண்ணீரைவிடக் குறைந்த சூடு அது. 12 வோல்ட்டை 3.3 ஆக இறக்கும் குட்டி ரெகுலேட்டர், மூடிய பெட்டி, மே மாத வெயில். போன மாதம் ஒருநாள் காலை தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு வாசல்வரை ஓடியது. பெட்டியைத் திறந்தால் ரெகுலேட்டர் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதே போர்டில் யூஎஸ்பி கனெக்டரைச் சோதிப்பதற்காகக் கேபிளைப் பிடித்து இழுத்ததும் அதுவும் கையோடு வந்தது. பிஸ்மத் ஜாயிண்ட் பார்க்க நன்றாக இருக்கும், இழுவைக்கும் அதிர்ச்சிக்கும் தாங்காது, முறுக்கு மாதிரி உடையும். மேசையிலேயே இருக்கப்போகிற போர்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரீயம் இல்லாத எஸ்ஏசி305 (வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை) பேஸ்ட்டையும் ஒரு சிரிஞ்ச் வாங்கிப் பார்த்தேன். 217 டிகிரிக்கு மேல் வேண்டும். என் ஹாட் பிளேட் அங்கே போவதற்குள் போர்டு பழுப்பாகிவிட்டது. விற்பனைக்குச் செய்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும், எனக்கு வேண்டாம்.

ஃபிரிட்ஜில் இடம் கிடைத்தாலும் பஞ்சாயத்து முடிவதில்லை. எடுத்தவுடன் திறக்கக் கூடாது. ஐப்பசி மழையில் ஒருநாள் அவசரப்பட்டு, எடுத்த பத்தாவது நிமிடம் மூடியைக் கழற்றிவிட்டேன். குளிர்ந்த பேஸ்ட்டின் மேல் சென்னைக் காற்றின் ஈரம் படிந்தது. ஹாட் பிளேட்டில் ஏற்றியதும் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று தெறித்தது. ஐசியின் கால்களுக்கு நடுவே உருண்டைகளைத் தேடி எடுக்க லென்ஸும் ஊசியுமாக இரண்டு மணி நேரம் ஆனது. சிரிஞ்சை மூடியபடியே இரண்டு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும், டப்பாவுக்கு நான்கு மணி நேரம். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பதெல்லாம் ஆகாது. காலையில் ஆபீஸ் கிளம்பும்போதே எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். எடுத்து வைத்த அன்றைக்குத்தான் மீட்டிங் ராத்திரி ஒன்பது வரை இழுக்கும்.

மண்பானையும் வைத்துப் பார்த்தேன். பானைக்குள் பானை, நடுவில் ஈர மணல், உள்ளே காற்றுப் புகாத டப்பாவில் சிரிஞ்ச். வெளியே 34 டிகிரி இருந்தபோது உள்ளே 29. சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவுதான் இறங்கும். வறண்ட ஊர்க்காரர்கள் முயன்று பார்க்கலாம்.

இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. சிப் குயிக் டிஎஸ்391 மாதிரி, ஃபிரிட்ஜ் தேவையில்லை என்று சொல்லியே விற்கும் பேஸ்ட்டுகள். 63-37 ஈயம்தான், 15 கிராம் சிரிஞ்ச். சொன்னபடி நடக்கிறது. எட்டு மாதம் பெட்ரூம் அலமாரியில் இருந்தது, கடைசிச் சொட்டுவரை ஒரே சீராக வந்தது, சோதித்தால் ஒரே உருண்டை. அறை வெப்பம் என்று அவர்கள் போட்டிருப்பது 20 முதல் 25 டிகிரி. அந்த அறை எங்கள் தெருவில் இல்லை, இருந்தும் தாக்குப்பிடித்தது. நான் தொட்ட பேஸ்ட்டுகளில் குறை சொல்ல முடியாதது இது ஒன்றுதான்.

ஆனால் அடுத்து வாங்கப்போவது அதுவல்ல. உள்ளூர்க் கடையில் அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் சாதாரண 183 டிகிரி பேஸ்ட்தான். ஏனென்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. நல்ல பேஸ்ட்டை வைத்திருந்த எட்டு மாதமும், விலையை நினைத்து நினைத்துப் பழைய போர்டுகளுக்கு அதைத் தொடவே இல்லை. மலிவானது என்றால் தாராளமாகப் பிதுக்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறேன், கெடுவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரர் விலைச் சீட்டை ஒட்டியிருந்த சிரிஞ்ச் ஒன்று எனக்கும் வாய்த்தது, பிரித்துப் பார்த்தால் ஒன்றரை வருடம் பழசு. 0805, 0603 அளவுப் பாகங்களின் வேலைக்கு டைப் 3 அல்லது 4 போதும் (உருண்டைகளின் அளவைச் சொல்லும் எண் அது). டைப் 5-இன் உருண்டைகள் இன்னும் பொடிசு. பொடிசாக ஆக மொத்தப் பரப்பு கூடும், ஆக்சைடும் அந்த அளவுக்குச் சீக்கிரம் பிடிக்கும். சிரிஞ்சை முனை கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஃபிளக்ஸ் பிரிந்து முனைப்பக்கம் காற்று நிற்கும்.

என்னுடையது இப்போது காலியான ஊறுகாய் பாட்டிலில் தலைகீழாக நிற்கிறது, தம்பி ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்த குட்டி ஃபிரிட்ஜில். அதில் தண்ணீர் பாட்டில்கூட வைக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு. நண்பனுக்குக் கடைசியாக எழுதியது இவ்வளவுதான்: அரைக் கிலோ வேண்டாம். சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறேன், உனக்கும் சேர்த்து ஒரு சிரிஞ்ச் வாங்கிவிடுகிறேன். எங்கே வைப்பது என்று உன் வீட்டில் நீயே பேசிக்கொள்.