அகலமான வீதியா, சுற்றுவீதியா, தண்டவாளமா? யாழ்ப்பாணத்தின் அடுத்த 25 ஆண்டுகள்

யாழ்ப்பாணம் வளர்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். அது எங்கே வளர்கிறது என்பதைக் கவனிக்காமல் விடும்போதுதான் போக்குவரத்துத் திட்டங்கள் தொடக்கத்திலேயே வழி தவறுகின்றன. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 118,000 பேர் வாழ்ந்தனர். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் கடந்து 2012 இல் அத்தொகை ஏறத்தாழ 88,000 ஆகக் குறைந்திருந்தது. வீடுகள் பெருகுவது திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும், அதற்கும் அப்பால் வலிகாமத்தின் ஊர்களிலும்தான். ஆனால் போதனா வைத்தியசாலையும் பெரிய பாடசாலைகளும் வங்கிகளும் சந்தையும் பழைய நகரத்திலேயே இருக்கின்றன. ஆகவே, வெளியே வசிக்கும் மக்களைக் காலையில் அந்தச் சிறிய நிலப்பரப்புக்குள் கொண்டுவந்து மாலையில் திருப்பி அனுப்புவதுதான் நமக்கு முன்னுள்ள வேலை. அதற்காக அடிக்கடி பேசப்படும் மூன்று வழிகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, நகருக்குள் வரும் வீதிகளை அகலிப்பது. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி, மானிப்பாய் வீதி ஆகிய ஐந்தும் விரல்களைப் போல வெளியே விரிந்து, உள்ளங்கையாகிய நகரில் வந்து சேர்கின்றன. நெரிசலில் நிற்கும் எவருக்கும் அகலிப்பதே முதலில் தோன்றும். ஆனால் அதை நம்முடைய நில அளவையில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு 5 மீற்றர் அகலம் கூட்டுவதற்கு ஏறத்தாழ 20 பரப்புக் காணி (16 பரப்பு ஓர் ஏக்கர்) தேவை. வயல்வெளியில் அது பெரிய தொகையன்று. கொக்குவில் சந்தியையோ தட்டாதெருச் சந்தியையோ ஒட்டி எடுக்கும்போது, அந்த 20 பரப்பும் ஒரே காணியாக வராது. ஒரு கடையின் முன்பாதி, ஒரு வீட்டின் மதிலும் கிணறும், ஒரு கோயிலின் வீதி என்று நூறு காணி உறுதிகளில் சிதறிக் கிடக்கும். உரித்தாளர்களில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். இழப்பீட்டுக் கோவைகள் முடிவதற்குள்ளேயே பல ஆண்டுகள் ஓடிவிடும்.

அப்படிப் பெற்ற அகலமும் ஓட்டத்துக்குப் பயன்படும் என்று நம்புவதற்கில்லை. நண்பகலில் வைத்தியசாலை வீதியில் நின்று பாருங்கள். இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. மருந்துக்கடை வாசலில் ஒரு கார் அரைவாசி உள்ளே, அரைவாசி வெளியே நிற்கிறது. ஓட்டோ ஒன்று ஆளை இறக்கி மீதிக்காசு தேடுகிறது. ஓடுவதற்கு எஞ்சுவது நடுவிலுள்ள ஒரு கீற்று மட்டுமே. நிறுத்துவதை ஒழுங்குபடுத்தாமல் 5 மீற்றரைக் கூட்டினால், அந்த 5 மீற்றரிலும் வாகனம் நிறுத்தப்படும். மழைநீரும் இருக்கிறது. நமது நிலம் தட்டையானது. ஐப்பசி, கார்த்திகை மழை மெதுவாகவே வடியும். குடாநாட்டின் நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரே என்பதால், ஓரத்து வாய்க்காலை மூடித் தார் போடும் ஒவ்வொரு இடத்திலும் வெள்ளம் அயல் வளவுக்குள் போவதோடு, கிணற்றுக்கு ஊற வேண்டிய நீரும் குறைகிறது. இடித்த கடையை மீண்டும் கட்ட இயலாது. வெட்டிய மரமும் திரும்பாது. அதனால் இந்த வழியை நான் கடைசியில் வைக்கிறேன். ஆபத்தான சில சந்திகளைத் திருத்துவது வேறு விடயம். அதை உடனடியாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நகருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்லும் வீதி. இதன் ஒரு பகுதி ஏற்கனவே நம் கையில் இருக்கிறது. மானிப்பாயிலிருந்து கோப்பாய் வழியாகக் கைதடிக்குச் செல்லும் வீதி, நகரின் வடபுறத்தை அரைவட்டமாகத் தழுவி ஏ9 வீதியை, அதாவது கண்டி வீதியைத் தொடுகிறது. கொழும்பிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கோ காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கோ செல்லும் வாகனம் கைதடியில் திரும்பினால் நாவற்குழிப் பாலத்தையும் நகர நெரிசலையும் காணவே வேண்டியதில்லை. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது; 2023 இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இவற்றின் பின்னர் அந்தத் தேவை கூடுமே தவிரக் குறையாது.

ஆயினும் சுற்றுவீதி யாருக்குப் பயன்படும் என்று கேட்டாக வேண்டும். லொறிக்கும் சுற்றுலா வாகனத்துக்கும் பயன்படும். கிளினிக்குக்கு வரும் நோயாளிக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் அது எதையும் செய்யாது, ஏனெனில் அவர்கள் செல்லும் இடமே நகரத்தின் உள்ளேதான். புதிதாக 20 மீற்றர் அகலத்தில் அமைப்பதென்றால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 80 பரப்பு, அதாவது 5 ஏக்கர் போகும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் போவது செம்மண் தோட்டக் காணியாக இருக்கும். வெங்காயமும் வாழையும் விளையும் மண் அது. எனவே வீதியைக் கட்டுவதற்கு அவசரமில்லை. அதற்கான கோட்டை வரைந்து கட்டட எல்லையை அறிவிப்பதற்குத்தான் அவசரம் உண்டு. இன்று வெறுங்காணியாக இருக்கும் இடத்தில் அடுத்த ஆண்டு மாடிவீடு எழும்பினால், பின்னர் வளைந்து நெளிந்துதான் போக வேண்டும். இந்த ஒரு வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை.

மூன்றாவதாக வருவது, இருக்கும் தண்டவாளத்தையும் பஸ்களையும் ஒன்றாக இணைப்பது. என் மனம் இதிலேயே சாய்கிறது. வடக்குப் புகையிரதப் பாதையின் வரலாற்றில் நாம் மறந்துவிட்ட ஒரு செய்தி உண்டு. 1902 மார்ச்சில் முதலில் திறக்கப்பட்டது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 34 கிலோமீற்றர் பாதைதான். கொழும்போடு இணைப்பு 1905 இல்தான் வந்தது. அதாவது இது குடாநாட்டுக்குள் ஓடும் வண்டியாகத்தான் தன் வாழ்க்கையைத் தொடங்கியது. 1956 இல் கொழும்புக்கு ஓடும் யாழ்தேவி வண்டி வந்த பின்னர் புகையிரதம் என்றால் கொழும்புப் பயணம் என்ற நினைப்பே நிலைத்துவிட்டது. 1990 இல் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டது. இன்று கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கொக்குவில் நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் சைக்கிள் மிதிக்கும் தூரம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வருவோர் எதிர்த்திசையில் பயணிப்பவர்கள். கோண்டாவில் நிலையத்தில் காலை வேளையில் நின்றால், மினுங்கும் தண்டவாளம் வெறுமையாகக் கிடப்பதையும், சற்றுத் தள்ளிக் காங்கேசன்துறை வீதியில் மிதிபலகையில் தொங்கும் பிள்ளைகளோடு பஸ் சாய்ந்து செல்வதையும் காணலாம். காணி எடுக்கத் தேவையில்லாத வழி மூன்றிலும் இது ஒன்றே.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இது ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில்தான் விலக முடியும் என்பதால், பத்து நிமிடத்துக்கொன்று என்பது நடவாத காரியம். வீதிகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் பாதுகாப்பற்ற கடவைகள் இன்னும் இருக்கின்றன. வண்டிகளைக் கூட்டுவதற்கு முன்னர் அவற்றுக்குப் படலையும் ஆளும் போடாவிட்டால் உயிர்கள் போகும். எல்லாவற்றிலும் பெரிய குறை, வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் தண்டவாளமே இல்லை என்பது. நெல்லியடிக்கும் வேலணைக்கும் என்றைக்கும் பஸ்தான்.

ஆகவே இந்த மூன்றாம் வழியின் பலம், இறுதியில் பஸ்ஸின் ஒழுங்கிலேயே தங்கியுள்ளது. பருத்தித்துறைக்குச் செல்லும் 750 ஆம் இலக்க பஸ்ஸுக்காக நகரில் காத்து நிற்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள். கையில் கிளினிக் கொப்பி, மருந்துப் பை. இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஆள் சேர்ப்பதற்காக நகரின் விளிம்புவரை ஊர்ந்து, பின்னர் ஒன்றையொன்று முந்திப் பறக்கின்றன. அதன் பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. இரு தரப்புக்கும் பொதுவான நேர அட்டவணை இருந்து, அதை மேற்பார்வை செய்ய ஆளும் இருந்தால், ஒரு பஸ்ஸைக்கூடப் புதிதாக வாங்காமல் அவருடைய காத்திருப்பைப் பாதியாகக் குறைக்கலாம். 2021 இல் நெடுந்தூர பஸ்களுக்கென்று தனி நிலையம் திறக்கப்பட்டது. கட்டடம் எழுந்த அளவுக்கு யார் எங்கிருந்து புறப்படுவது என்ற இணக்கம் எழவில்லை. மத்திய பஸ் நிலையத்துக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடையே ஒவ்வொரு வண்டியின் வருகைக்கும் பொருந்த ஒரு சிறிய பஸ் ஓடினாலே, வெயிலில் பையோடு நடப்பது தவிர்க்கப்படும்.

மேம்பாலம் பற்றியும் சிலர் பேசுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் சூழவுள்ள வீதிகளை மூடிவிட்டு இலட்சக்கணக்கானோர் நடந்து செல்லும் ஊரில், அதற்கு முன்னர் நிழலும் நடைபாதையும் சைக்கிள் ஓடையும் கிடைக்க வேண்டும்.

என் வரிசை இதுதான்: பொது நேர அட்டவணையும் கடவைப் படலைகளும் இந்த ஆண்டே, சுற்றுவீதிக்கான எல்லைக்கோடு அடுத்த ஆண்டுக்குள், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே காலை மூன்றும் மாலை மூன்றுமாக உள்ளூர் வண்டிகள் அதன்பின். இதற்கு உதவக்கூடிய றெயில் பஸ், அதாவது தண்டவாளத்தில் ஓடும் பஸ், இந்நாட்டின் வேறு பாதைகளில் ஓடிப் பழகியதுதான். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து ஆட்கள் ஏறவில்லை என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம், அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம். கொக்குவில் சந்தியில் ஒரு கடைவரிசையை இடித்த பிறகு அந்த வசதி எவருக்கும் கிடையாது.