ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை: வாடகை சைக்கிளுக்கு ஏற்ற பாதையா?

சிங்கப்பூரில் மேடே ஏறாமல் அரைநாள் சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் இந்தக் கடற்கரைப் பாதைக்கு இணையாக வேறொன்று இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா முழுவதும் 1966இல் தொடங்கிய நிலமீட்பில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். சாங்கி விமான நிலையப் பக்கமும் பெரும்பாலும் அப்படியே. அதனால்தான் இத்தனை சமதளம். இங்கே ஆளைக் களைப்பாக்குவது காற்றும் வெயிலும் சரியாகப் பொருந்தாத இருக்கையும்தான். இந்த மூன்றையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டால் பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெரியவரும் சேர்ந்தே போய்வரலாம்.

பூங்காவுக்குள் இருக்கும் பெடோக் படகுத்துறையிலிருந்து சாங்கி வில்லேஜ் வரை ஒரு வழிக்குச் சுமார் 14 முதல் 15 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் போகவர இரண்டரை மணி நேரம். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சைக்கிள் பாதையில் வேக வரம்பு 25 கிலோமீட்டர். நிதானமாகப் போகிறவர்கள் அதை நெருங்கவே மாட்டார்கள்.

வண்டியை எங்கே எடுப்பது என்பதில் இரண்டு வழிகள். பூங்காவுக்குள் இருக்கும் வாடகைக் கடைகளில் கியர் உள்ள வண்டி, பிள்ளைகளுக்கான சிறிய வண்டி, இருவர் மிதிக்கும் வண்டி எல்லாம் கிடைக்கும். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் குறை. செயலியில் திறக்கும் எனிவீல், ஹலோரைடு போன்ற பகிர்வு சைக்கிள்களைச் சாங்கி வில்லேஜிலேயே விட்டுவிட்டுப் பேருந்து எண் 2இல் ஏறி தானா மேரா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்குத் திரும்பலாம். ஆனால் மஞ்சள் கோடிட்ட நிறுத்துமிடத்தில் வைத்து அங்குள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யாவிட்டால் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகப் போகும். இந்த வண்டிகள் கனமானவை. உயரமானவர்களுக்கு முழங்கால் மடங்கியே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதென்றால் கடை வண்டிதான் என் பரிந்துரை.

பணம் கொடுப்பதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கினால் இருக்கையை உயர்த்தச் சொல்லுங்கள். பத்தாவது கிலோமீட்டரில் வரும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எளிதில் அமுங்கினால் காற்றடிக்காமல் கிளம்பாதீர்கள். சமதளத்திலும் வண்டி இழுப்பதுபோல் தோன்றுவது அதனால்தான். பிரேக்கை முழுதாகப் பிடித்தால் அதன் பிடி ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. கடைசியாகச் செயின். உப்புக்காற்றில் துருப்பிடித்து, தளர்ந்து தொங்கும் செயின் வழியில் கழன்றுவிடும். அப்படிக் கழன்றால் பின்சக்கரப் பல்லில் செயின் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முன்பல்சக்கரத்தின் கீழ்ப்பற்களில் அதை மாட்டி, மிதியை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிக்கொள்ளும். கைக்குட்டை ஒன்று இருந்தால் விரல் அழுக்காகாது.

இனி காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும். சாங்கியும் அதே திசையில் இருப்பதால் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று. உடம்பில் தெம்பிருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிடலாம் என்பதால் போய்வருவதற்கு இதுதான் நல்ல பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். போகும்போது பறப்பதுபோல் இருக்கும், திரும்பும்போது கால் கெஞ்சும். அந்த மாதங்களில் ஒருவழிப் பயணமே மேல். சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்மழையும் அப்போதுதான், பெரும்பாலும் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையில். மின்னல் வெட்டினால் மரத்தடியில் ஒதுங்காமல் கூரை போட்ட கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

பாதையின் முதல் பாதியில் நிழல், கழிவறை, சாப்பாட்டுக் கடை எதற்கும் குறைவில்லை. தானா மேரா படகு முனையத்தைத் தாண்டியதும் எல்லாம் மாறிவிடும். அதற்கு அடுத்த நேர்ப்பாதையில் ஒரு பக்கம் விமான நிலைய வேலி, தலைக்கு மேல் விமானம், கடை ஒன்றுகூடக் கிடையாது. விமானங்களைப் பார்க்கப் பிள்ளைகள் ஆசையாக நிற்பார்கள், நிழல் இல்லாததால் அதிக நேரம் நிறுத்தாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் இல்லாமல் இந்தப் பகுதிக்குள் நுழைய வேண்டாம். இங்கே கட்டுமானப் பணிகளுக்காகப் பாதையைத் திருப்பிவிடுவதுண்டு, பலகையைக் கவனியுங்கள். சாங்கி கடற்கரைப் பூங்கா வந்ததும் மறுபடி மர நிழல்.

கூட்டம்தான் இந்தப் பாதையின் பெரிய குறை. சனி, ஞாயிறு மாலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையத்தின் சுற்றுப்புறத்தில் சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளைகள் வண்டியைச் சட்டென்று குறுக்கே திருப்புவார்கள். இடப்பக்கம் ஒட்டி ஓட்டுங்கள், முந்தும்முன் மணி அடியுங்கள். பாதையில் கடல்மணல் பரவிய இடத்தில் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள்.

காலை ஏழு மணிக்குத்தான் இங்கே விடிகிறது. ஏழேகாலுக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடலாம். வாடகைக் கடைகள் அவ்வளவு சீக்கிரம் திறக்காமல் போகலாம், முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த மடக்கு சைக்கிள் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. மடித்த பிறகு 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் எம்ஆர்டியில் கொண்டுபோகலாம். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையின் மரின் பரேட், மரின் டெரஸ் நிலையங்கள் 2024 ஜூனில் திறந்த பிறகு பூங்கா நடந்துபோகும் தூரம்தான். விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதையில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மாலையில் கிளம்புகிறவர்கள் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டில் அது சட்டப்படி கட்டாயம்.