பத்தாட் படத்தைக் காட்டி பனாவே வியூ பாயிண்டோடு அனுப்பிவிடுகிறார்கள்: பிலிப்பைன்ஸ் போகிறவர்கள் கவனத்துக்கு

பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் மலைகளில் இருக்கும் நெல் படிக்கட்டு வயல்களைக் காட்டுகிறோம் என்று மனிலாவிலிருந்து பேக்கேஜ் விற்கும் ஒரு நிறுவனம், போன ஏப்ரலில் என்னையும் அப்பாவையும் ஏமாற்றிப் பணம் பறித்தது. புகார் விசாரணையில் இருப்பதால் அதன் பெயரைச் சொல்லவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இருக்காது, அந்த ஃபேஸ்புக் பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. ஏமாற்றும் முறை மட்டும் மாறுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் தப்பிக்கலாம்.

முதலில் இந்த இடங்களைப் பற்றி ஒரு விஷயம், மோசடியே இதை வைத்துத்தான் நடக்கிறது. 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது ஐந்து வயல் தொகுதிகளை: பத்தாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நகாகதான். இதில் பத்தாடும் பங்கானும் பனாவே நகராட்சியைச் சேர்ந்தவை. ஆனால் பனாவே ஊருக்கு மேலே, பொந்தோக் போகும் நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்திவிட்டு நாம் பார்க்கிற வயல்கள் அந்த ஐந்தில் வராது. 2010-இல் வந்த 20 பேசோ நோட்டில் போட்டிருப்பது பனாவே வயல்களைத்தான். அழகில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள இடம் அது இல்லை, நாம் காசு கொடுத்த இடமும் அது இல்லை.

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பத்தாட். மலை வளைந்து குழிந்து நிற்க, அடியில் சின்ன ஊர், அதைச் சுற்றிக் கல் கட்டிய வரப்புகள் அடுக்கடுக்காக மேலேறிப் போகும். ஒருமுறை பார்த்தால் மறக்காத படம். அங்கே போகப் பனாவே ஊரிலிருந்து மலைப்பாதையில் வண்டி பிடித்து, சாலை முடிகிற இடத்தில் இறங்கி, கீழே நடக்கவேண்டும். உள்ளூர் வழிகாட்டிக்குக் கூலி, தங்கும் வீட்டுக்கு வாடகை, வண்டிக்குக் காசு என்று செலவு உண்டு. வியூ பாயிண்டுக்கு இது எதுவும் கிடையாது. பத்தாட் படத்தைப் போட்டுப் பணம் வாங்கி, வியூ பாயிண்டில் இறக்கிவிட்டால் மிச்சம் முழுவதும் அவர்கள் பைக்குத்தான்.

எங்களுக்குச் சொன்னது இது: மனிலாவிலிருந்து இரவுப் பேருந்து, மறுநாள் இரவு பத்தாட் கிராமத்து வீட்டில் தங்கல், இஃபுகாவ்காரரே வழிகாட்டி, எல்லா நுழைவுக் கட்டணமும் சேர்த்து ஆளுக்கு 11,500 பேசோ. பாதியை முன்பணமாக வங்கி மூலம் அனுப்பச் சொன்னார்கள். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. கணக்காளர் என்றார்கள். மீதியைப் பேருந்து நிலையத்தில் வந்து வாங்கிக்கொண்ட பையன் ரசீது கொடுக்கவில்லை, மெயிலில் வரும் என்றான். இன்றுவரை வரவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு நிலம். ஐ.ஆர். 20, ஐ.ஆர். 50 எல்லாம் போட்டு அறுத்தவர். அந்த ஐ.ஆர். ரகங்கள் பிறந்த லாஸ் பான்யோஸ் நெல் ஆராய்ச்சி நிறுவனம் பிலிப்பைன்ஸில்தான் இருக்கிறது, நம் கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதற்கு இயக்குநராக இருந்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிங்கப்பூருக்கு என்னோடு கொஞ்ச நாள் இருக்க வந்தவர், "அவ்வளவு தூரம் வந்தாச்சு, அந்த மலை வயலைப் பாத்துட்டா போதும்மா" என்றார். அவர் அப்படி ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

இரவெல்லாம் ஏசி குளிரில் உட்கார்ந்து, விடிந்த பிறகு பனாவேயில் இறங்கினோம். பெயர் எழுதிய அட்டையோடு ஓர் ஆள் நின்றார். காபி வாங்கிக் கொடுத்தார், பணிவாகப் பேசினார், அப்புறம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, பத்தாட் சாலையில் மண் சரிந்துவிட்டது, போக முடியாது, ஆனால் கவலைப்படாதீர்கள், யுனெஸ்கோ வயல்கள் இங்கேயே இருக்கின்றன என்றார். அதற்கு ‘யுனெஸ்கோ கட்டணம்’ ஆளுக்கு 500 பேசோ தனியாக வேண்டும் என்றார். பேக்கேஜில் சேர்த்தி என்றுதானே சொன்னீர்கள் என்றேன். அது நகராட்சிக் கட்டணம், இது வேறு என்றார். அப்படி ஒரு தனிக் கட்டணமே கிடையாது. நகராட்சி வாங்கும் சிறு தொகை ஒன்று உண்டு, அதற்கு ரசீது தருவார்கள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோரம் முழுக்கப் புழுதி. "மழையே பெய்யலையேம்மா, மண்ணு எப்படிச் சரியும்?" என்றார் என்னிடம் தமிழில். அதைக் கேட்டபோது, போன வாரம் பெய்தது என்று பதில் வந்தது.

வியூ பாயிண்டில் சிவப்பு நெசவுத் துணியும் இறகு வைத்த தலையணியுமாக வயதானவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு படம் எடுத்தால் ஏதாவது கொடுப்பது அங்கே வழக்கம். அது ஏமாற்று இல்லை, அவர்களுக்கு அது ஒரு வருமானம். எங்களோடு வந்தவர் இதைச் சொல்லாமல் படம் எடுக்கவைத்துவிட்டு, ஒரு பாட்டி கை நீட்டியதும் அவரைப் பார்த்து அதட்டினார். அப்பா பாட்டியிடம் போய்ப் பணம் கொடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்து அந்த ஆளிடம், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மேல் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"பம்ப்" என்றார் அந்த ஆள்.

அப்பா மலையுச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவன் இந்த ஊர்க்காரன் இல்லை. வயல்ல கால் வெச்சவனும் இல்லை. வா, போலாம்" என்றார்.

கிளம்புகிறோம் என்றதும்தான் உண்மை மெல்ல வெளியே வந்தது. ‘ஸ்பெஷல் வண்டி’ வைத்தால் பத்தாட் போகலாமாம், 4,500 பேசோ ஆகுமாம். மண் சரிந்து அடைபட்ட சாலை 4,500 பேசோவுக்குத் திறக்கிறது! நாங்கள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டு, பனாவே ஊருக்குள் இருக்கும் நகராட்சிச் சுற்றுலாத் தகவல் மையத்துக்குப் போனோம். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இந்த மையத்தை வையுங்கள். வழிகாட்டிக் கூலி, வண்டிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் பட்டியல் அங்கே ஒட்டியிருக்கிறது. மேசையில் இருந்த பெண் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பத்தாட் சாலை திறந்துதான் இருக்கிறது, சந்தைக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மதியத்துக்கு மேல் ஜீப்னி (ஷேர் வண்டி மாதிரி ஓடும் நீளமான ஜீப்) கிளம்பும் என்றார். அந்த ஜீப்னியில், அரிசி மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவே உட்கார்ந்து நாங்கள் போய்ச் சேர்ந்தோம். பேக்கேஜில் எங்களிடம் வாங்கியதில் ஒரு சிறு பங்குகூடச் செலவாகவில்லை.

பத்தாடில் எங்களுக்கு அறை போட்டிருப்பதாகச் சொன்ன வீட்டைத் தேடிப் போனோம். விளம்பரத்தில் அந்த வீட்டுத் திண்ணைப் படமே இருந்தது, அதனால் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வீட்டு அம்மா எங்கள் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினார். அந்த நிறுவனத்தை அவருக்குத் தெரியவே தெரியாது. முன்பதிவும் இல்லை. இதே படத்தோடு இதற்கு முன்பும் ஆட்கள் வந்து நின்றிருக்கிறார்களாம், சிலர் அவரைத்தான் ஏமாற்றுக்காரர் என்று திட்டிவிட்டுப் போயிருக்கிறார்களாம். பணம் பறிபோனது எங்களுக்கு, பெயர் கெட்டது அவருக்கு. அதைக் கேட்டபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தீர்மானித்தேன்.

அறை கொடுத்தார், சுடுசோறு போட்டார். அப்பா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் எங்களை வெளியே கூட்டிப்போய், வயல்களுக்கு மேலே நிற்கும் காட்டைக் காட்டினார். முயோங் என்கிறார்கள். குடும்பங்களுக்கு வயலுக்கு மேலே சொந்தக் காடு உண்டு, வயல் போலவே அதுவும் வழிவழியாக வருவது. மழையைக் காடு வாங்கி வைத்துக்கொண்டு ஊற்றாக விடும், வாய்க்காலில் இறங்கி மேல் வயல் நிறைந்து, மடை வழியாகக் கீழ் வயலுக்குப் போகும். காட்டை வெட்டினால் வயல் காயும். வயல் காய்ந்தால் வரப்பு வெடிக்கும், மண்புழு துளைத்துவிடும், அடுத்த மழையில் சுவர் சரியும். சரிந்த கல்லை மறுபடி அடுக்கக் கைதான் வேண்டும், அந்த மலையில் எந்த எந்திரமும் ஏறாது. இளைஞர்கள் பாகியோ நகரத்துக்கும் மனிலாவுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வயல்கள் கைவிடப்பட்டுச் சிதைந்ததால் 2001-இல் யுனெஸ்கோ இவற்றை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது, 2012-இல்தான் அதிலிருந்து எடுத்தது.

அப்பா நெல் தாளில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைக் காட்டி என்னவென்று கேட்டார். நத்தை முட்டை. எண்பதுகளில் உணவுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நத்தை, இப்போது நாற்றைத் தின்கிறது, கையால்தான் பொறுக்கவேண்டும் என்றார் அந்த அம்மா. அவர்களின் பழைய ரகம் தினாவோன். வருஷத்துக்கு ஒரே போகம், குளிர்காலத்தில் நடவு, ஜூன் ஜூலை வாக்கில் அறுப்பு. ஐ.ஆர். ரகம் போட்டால் சீக்கிரம் அறுக்கலாமே என்று அப்பா கேட்க, இந்தக் குளிருக்கும் உயரத்துக்கும் எங்கள் நெல்தான் தாங்கும் என்றார். அப்பா அதை ஒத்துக்கொண்டார். இருவரும் ஒரு பாஷையும் பொதுவாக இல்லாமல், என்னை நடுவில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை பேசினார்கள்.

விளம்பரத்தில் ஏப்ரலில் பொன்னிறக் கதிர் என்று போட்டிருந்தது. ஏப்ரலில் அங்கே பச்சைதான் இருக்கும். அதுவும் பொய்.

மறுநாள் அந்த ஊர் இளைஞர் ஒருவரை, பட்டியலில் உள்ள கூலிக்கே, வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வயல்களுக்குள் நடந்தோம். ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கல்வரப்பு ஒரு பாதம் வைக்கும் அகலம்தான், ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் பள்ளம். தப்பியா அருவிக்குப் படி செங்குத்தாக இறங்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் வயலோடு நிறுத்திக்கொள்ளலாம், அப்பா அப்படித்தான் செய்தார்.

சிங்கப்பூர் திரும்பிப் பணத்தைக் கேட்டேன். இயற்கைச் சீற்றத்தால் பயணத்தில் மாற்றம் வந்தால் பணம் திரும்பக் கிடையாது என்று பதில். கட்டணப் பட்டியலின் படத்தையும், பத்தாடில் நாங்கள் எடுத்த படங்களையும் தேதியோடு அனுப்பினேன். வாட்ஸாப்பில் பிளாக் செய்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால், நாமே அனுப்பிய பணத்தைப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் திருப்ப முடியாது என்கிறார்கள். கார்டில் கட்டியிருந்தால் மறுத்து முறையிட வழி இருந்திருக்கும். கார்டு வாங்காத, தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்கிற எவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிலிப்பைன்ஸ் சுற்றுலாத் துறை பயண நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கேளுங்கள், கேட்டதைத் துறையிடமே சரிபாருங்கள். நான் புகாரும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன்.

உண்மையில் பேக்கேஜே தேவையில்லை. மனிலாவிலிருந்து பனாவேக்கு நேரடி இரவுப் பேருந்துக்கு நீங்களே சீட்டு எடுக்கலாம். இறங்கியதும் தகவல் மையத்தில் பதிந்து, வழிகாட்டியை அங்கேயே கேளுங்கள். ரொக்கம் மனிலாவிலேயே எடுத்து வையுங்கள், பத்தாடில் ஏடிஎம் கிடையாது, போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். தடித்த ஸ்வெட்டர் பேருந்துக்கே வேண்டும். பேக்கேஜ்தான் வசதி என்றால், பத்தாடில் எந்த வீட்டில் தங்கல் என்று எழுத்தில் வாங்கி, அந்த வீட்டாரிடம் நீங்களே பேசி, முன்பதிவு இருக்கிறதா என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் புயலும் உண்டு, அப்போது நிஜமாகவே மண் சரியும். சாலை மூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் பேச்சை நம்பித் திட்டத்தை மாற்றாமல், மையத்தில் கேளுங்கள். அவர்களும் மூடியிருக்கிறது என்று சொன்னால் ஜீப்னி ஏறாதீர்கள்.