மஸ்டாங் கூப்பே, கமாரோ, டஸ்டர்: வீட்டு கராஜில் எது முடியும்?

அமெரிக்காவில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பழைய மசில் காரை (பெரிய இஞ்சின் போட்ட, வேகத்துக்குப் பேர்போன கார்) மீட்டெடுக்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து நிற்பார்கள்: 1967-68 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே, 1967-69 செவர்லே கமாரோ, 1970 மாடலாக வரத் தொடங்கிய பிளிமத் டஸ்டர். மஸ்டாங்கை மசில் கார் என்றே ஏற்காதவர்கள் உண்டு. அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடலாம். என் ஓட்டு மஸ்டாங் கூப்பேக்கு. கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும், விலை ஏறிப்போன ஃபாஸ்ட்பேக் வேண்டாம், தளம் வளைந்து தொல்லை தரும், கூரை திறக்கும் கன்வெர்டிபிளும் வேண்டாம், நிலையான கூரையும் இரண்டு கதவும் உள்ள சாதாரணக் கூப்பே போதும்.

ஏன் 1965-66 இல்லை? பிரேக். 1966 வரை மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம்) ஒரே அறைதான். எங்காவது ஒரு ஓஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967-இல் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்துவிட்டது. பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டப்போகும் வண்டிக்கு இந்த ஒன்றே போதும். பழைய வண்டியில் இரட்டை அறையை மாட்டலாம், ஆனால் குழாய்களையும் மாற்ற வேண்டும்.

இஞ்சினைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. மஸ்டாங்கின் 289, கமாரோவின் 327 அல்லது 350, டஸ்டரின் 318 (எண்கள் இஞ்சினின் கன அங்குல அளவு) எல்லாமே நல்ல மெஷின் ஷாப்புக்குப் பழகிய வேலை; பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாம் கிடைக்கும். மூன்றுக்கும் பொதுவான ஒரே எச்சரிக்கை: புது ஃபிளாட் டேப்பட் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டின் பழைய வகை) போட்டால் துத்தநாகம் கூடுதலாக உள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆன உடனே 2000-2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஐடிலில் விட்டால் கேம் லோப் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் புது பேரிங்கில் போய் உட்காரும்.

வீட்டு கராஜில் வேலை பாதியில் நிற்பது இஞ்சினால் அல்ல, தகரத்தால். துருவை வெட்டி எடுத்த பிறகு அந்த இடத்தில் வைக்க ரெடிமேடாகத் தகடு கிடைக்கிறதா, அல்லது நாமே வளைத்துச் செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி. தகடு கிடைத்தால் பதினைந்து வயதுப் பிள்ளைகூட ஸ்பாட் வெல்டைக் குடைந்து, புதுத் தகட்டைப் பொருத்திப் பார்க்கும். செய்துதான் ஆகவேண்டும் என்றால் அது டிங்கரிங் தெரிந்தவர் வேலை. அவருக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைகளின் ஆர்வம் போய்விடும்.

இங்கேதான் மஸ்டாங் முந்துகிறது. முதல் நான்கு மாடல் ஆண்டுகளில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. கமாரோ மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 7 லட்சம். அதனால் தரைத் தகடு, டார்க் பாக்ஸ் (தரையோரச் சட்டங்களை இணைக்கும் பெட்டி), டிக்கித் தளம், கதவு, ஃபெண்டர் என்று எதைக் கேட்டாலும் புதிதாக அச்சடித்தது கிடைக்கும். முழு பாடி ஷெல்லே விற்கிறார்கள்.

ஆனால் மஸ்டாங்கிலும் ஒரு கண்ணி உண்டு: கவுல். கண்ணாடிக்கு முன்னால், கிரில்லுக்குக் கீழே மேலொன்று கீழொன்றாக ஸ்பாட் வெல்ட் செய்த இரண்டு தகடுகள். கீழ்த் தகட்டில் காற்று உள்ளே போகும் துளைகளைச் சுற்றி தொப்பி மாதிரி எழும்பிய விளிம்பு இருக்கும். கிரில் வழியாக விழும் இலைதழை அதன் அடியில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்க, விளிம்பின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையாகும். மழைநீர் நேராகக் கால்வைக்கும் தரைக்கு இறங்கும். முன் தரை ஏன் அழுகியது என்று தேடாமல் தரையை மட்டும் மாற்றுகிறவர்கள் நான்கு மழைக்காலத்தில் மறுபடி வெல்டிங் மெஷினை எடுப்பார்கள்.

வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். டாஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் டார்ச் லைட்டோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் ஓஸ் வழியாகக் கிரில்லில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். உள்ளே சொட்டினால் கவுல் போயிற்று. உள்ளே ஒட்டும் பிளாஸ்டிக் மூடிகள் தற்காலிக மருந்து மட்டுமே. சரியான வேலை என்றால் பானெட், ஃபெண்டர், முன் கண்ணாடி எல்லாம் கழற்றி, நூறுக்கு மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளைக் குடைந்து மேல் தகட்டைத் தூக்கி, கீழ்த் தகட்டை மாற்றி, சீம் சீலர் பூசி மூட வேண்டும். அலுப்பான வேலைதான், கைவித்தை வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். அதற்குத்தானே குடும்பமாகச் செய்கிறோம்.

தரை வெட்டும்போது ஒரு கட்டுப்பாடு. கதவுச் சட்டத்தில், கீல் பக்கத்திலிருந்து பூட்டுப் பக்கத்துக்கு ஒரு அங்குலச் சதுரக் குழாயைப் பற்றவைத்த பிறகே கட்டிங் வீலைத் தொடுங்கள். ஒரு பக்கம் முழுதும் முடிந்த பிறகே மறுபக்கம். புதுத் தகட்டில் 8 மிமீ துளைகள் போட்டு, 0.023 அங்குல வயர், 75/25 ஆர்கான் கலவை வாயுவில் மிக் மெஷினால் அடைக்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து அடிக்காமல் இடம் மாற்றி மாற்றி அடித்தால் தகரம் நெளியாது. கடைசி வெல்டுக்கு முன் கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். அப்போது சரியாக இல்லையென்றால் எவ்வளவு பட்டி பூசினாலும் மறையாது.

கமாரோவின் பெரிய வசதி முன் சப்ஃபிரேம். போல்ட்டைக் கழற்றினால் இஞ்சினும் சஸ்பென்ஷனும் ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். அப்பா அதில், பிள்ளைகள் பாடியில் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பாடிக்குள் அந்த போல்ட்டைப் பிடிக்கும் கூண்டு நட்டு துருப்பிடித்திருந்தால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். மேலிருந்து தரையில் ஓட்டை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். பின் கண்ணாடியைச் சுற்றிய சட்டமும் அழுகும், தண்ணீர் டிக்கிக்குள் போகும். வினைல் கூரை போட்ட வண்டி என்றால் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். தகடுகள் கமாரோவுக்கும் நன்றாகவே கிடைக்கின்றன. உறுத்துவது வண்டியின் ஆரம்ப விலை. இன்னொன்று, எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற உயர்ரக வகை) என்று பேட்ஜ் ஒட்டிய சாதாரண வண்டிகள். வண்டியின் அடையாள எண்ணான வின் எண் 124 என்று தொடங்கினால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். எஸ்எஸ்ஸா இல்லையா என்று அது சொல்லாது.

மஸ்டாங்கில் இந்தத் தலைவலி குறைவு. வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து இஞ்சினைச் சொல்லும்: C என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் உள்ள 289, T என்றால் 200 ஆறு சிலிண்டர். 1967 முதலான வண்டிகளுக்கு ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் என்ற அறிக்கையை வாங்கி, எந்த நிறத்தில் எந்த இஞ்சினோடு வெளியே வந்தது என்று பார்க்கலாம். ஆறு சிலிண்டர் வண்டியை வாங்கி வி8 மாட்டுவேன் என்பவர்கள் கவனிக்க: ஆறுக்கு நான்கு போல்ட் சக்கரம், மெலிந்த பின் ஆக்சில். ஸ்பிண்டில், டிரம், ஆக்சில், ஸ்பிரிங், ரேடியேட்டர் என்று எல்லாமே மாறும். அதைவிட ஆறு சிலிண்டரையே நன்றாக ஓடவைப்பது மேல்.

மஸ்டாங்கின் உண்மையான குறை பெட்ரோல் டேங்க். டேங்கின் மேல் பகுதியே டிக்கித் தரை. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே வெறும் அட்டை. பிள்ளைகள் உட்காரும் இடம் அது. அங்கே இரும்புத் தடுப்புத் தகடு வைத்து விளிம்பெல்லாம் சீல் செய்த பிறகே பின் சீட்டை மாட்டுங்கள். ஃபில்லர் கழுத்து கேஸ்கட்டையும், எத்தனால் தாங்காத பழைய ரப்பர் ஓஸையும் அதே கையோடு மாற்றிவிடலாம்.

டஸ்டர் மூன்றிலும் மலிவு, உள்ளே இடமும் தாராளம். முன்னால் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பியான டார்ஷன் பார்; அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் விசை இறங்கிவிடும். மஸ்டாங்கில் சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு மேலே அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கை, டவர் வழியாக இறக்கும் சரியான கம்ப்ரசர் இல்லாமல் தொடவே கூடாது, பிள்ளைகள் அருகிலும் நிற்கக் கூடாது. டஸ்டரில் வயரிங்தான் பிரச்சினை: மொத்த மின்சாரமும் ஃபயர்வால் கனெக்டர் வழியாக ஆம்மீட்டருக்குப் போய்த் திரும்பும், முனை கறுத்தால் உருகும். இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் ஒன்று எப்போதும் டேஷ்போர்டு பெட்டியில் உபரியாக இருக்கட்டும். 1970 மாடலில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். தகர வேலையில் டஸ்டரோடு எனக்குப் பழக்கம் குறைவு. உள்ளலங்காரத்துக்கும் ஓரப்பட்டைகளுக்கும் பழைய வண்டிக் கிடங்குகளை நம்ப வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

மறுவிற்பனை? கூப்பேயில் போட்ட பணம் திரும்பாது. கமாரோவில் திரும்பும் வாய்ப்பு கூடுதல். லாபம்தான் நோக்கம் என்றால் இந்த அலசல் உங்களுக்கு இல்லை.

பிள்ளைகளுக்கு எந்த வண்டியானாலும் வேலை உண்டு: போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதுவது, கழற்றும் முன் படம் எடுப்பது, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் அடிக்காமல் பிரேக் கிளீனரால் நனைத்துக் கழுவ வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர் சாண்டிங் வேண்டாம். கடைசியில் அடிக்கும், ஹார்ட்னர் கலந்த டூ-கே பெயிண்டின் ஐசோசயனேட் என்ற நச்சுக்குச் சாதாரண மாஸ்க் போதாது. அந்த ஒரு வேலையைக் காசு கொடுத்து வெளியில் செய்துகொள்ளுங்கள்.